நீலாவதி போட்ட அரைப் பருவப் பட்டியல்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் நீலத் தகரம் வேய்ந்த ஒரு ஃபியூஸ் கம்பெனி இருக்கிறது. அங்கே தரம் பிரிக்கிற கொட்டகையில் நீலாவதிக்குப் பதினோரு வருஷ வேலை. சூளையிலிருந்து வெந்து வருகிற பீங்கான் கட்டைகளை இரண்டு இரண்டாக எடுத்துத் தட்டிப் பார்ப்பாள். நல்ல கட்டை கிணீர் என்று பேசும். உள்ளே விரிசல் இருந்தால் மொத்தென்று கேட்கும். ஒண்ணாம் தரம், ரெண்டாம் தரம், கழிவு என்று மூன்று பக்கமாகப் பிரித்துப் போடுவாள். கண்ணுக்குப் படாத விரிசலைக் காதால் பிடிக்கிறவள் என்று கொட்டகையில் அவளுக்குப் பேர் உண்டு.

அந்தப் பேர் கொட்டகை வாசலைத் தாண்டியது இல்லை. பெட்டியோடு போகிற சீட்டில் 'தரம் பார்த்தவர்' என்ற இடத்தில் சூப்பர்வைசர் குருமூர்த்திதான் கையெழுத்துப் போடுவார். அவர் ஒரு கட்டையைக்கூடத் தட்டிப் பார்த்து யாரும் கண்டதில்லை. நீலாவதி ஒருமுறை கேட்டே விட்டாள். "நீ பார்த்தா என்ன, நான் பார்த்தா என்னம்மா, ஏறப் போறது ஒரே லாரிதான?" என்றார் அவர்.

அதனால்தான், ஒரு ஃபுட்பால் லீக்கின் பட்டியலை எழுதித் தரச் சொல்லி, கீழே அவள் பேரையே போடுவதாக ஒருத்தர் சொன்னபோது, முப்பத்து நான்கு வயதில் அவள் அந்த நிமிஷமே சரி என்று சொல்லிவிட்டாள்.

ஃபுட்பால் லீக் என்றதும் மைதானத்தைத் தேட வேண்டாம். திட்டக்குடியில் கணக்கு வாத்தியாராக இருக்கிற கௌரிசங்கர் என்பவர் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி, 'நடுநாட்டு லீக்' என்று பேர் வைத்து நடத்துகிறார். எட்டு அணி, எண்பத்தெட்டு ஆட்டக்காரர்கள். ஆட்டக்காரன் கற்பனை ஆள். அவனை உருவாக்கினவர் நிஜ ஆள். உருவாக்கினவர் தினமும் ஒருமுறை உள்ளே போய், இன்றைக்கு அவனுக்கு ஓட்டப் பயிற்சியா, தலையால் முட்டுகிற பயிற்சியா என்று தட்டிவிட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு கம்ப்யூட்டர் ஆட்டத்தை நடத்தும். படம் வராது. '63ஆம் நிமிடம்: மதில் குறுக்கே பாய்ந்து பந்தை வெளியே தள்ளினார்' என்று ஃபோனில் வரிவரியாக எழுத்துதான் வரும்.

நீலாவதி இதற்குள் வந்தது அவள் தம்பி அறிவழகனால். அவன்தான் முதலில் 'கிங் அறிவு' என்று ஒரு கோல் அடிக்கிற ஆட்டக்காரனை உருவாக்கினான். ஒரகடத்தில் வேலை கிடைத்துப் போனபோது, "அக்கா, தெனம் இந்த எடத்துல ஒரு தட்டு தட்டிடு, போதும்" என்று சொல்லி ஃபோனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். போனவன் மறந்துவிட்டான். தட்டினவள் மறக்கவில்லை. ஒரு மாதம் சும்மா தட்டினாள். அப்புறம் வரிகளைப் படிக்க ஆரம்பித்தாள். கோல் போடுகிறவன் பேர் ஒரு ஆட்டத்தில் மூன்று வரியில் வருகிறது, தடுக்கிறவன் பேர் முப்பது வரியில் வருகிறது என்று கண்டுபிடித்ததும், கிங் அறிவைத் தடுப்பாட்டக்காரனாக மாற்றி 'மதில்' என்று பேர் வைத்தாள். அணியின் பேர், விருத்தாசலத்து ஆற்றின் பேரான மணிமுத்தாறு. இது அவளுக்கு மூன்றாவது பருவம்.

நிஜ ஃபுட்பால் ஆட்டம் எதையும் அவள் முழுசாகப் பார்த்ததில்லை. ஒருமுறை டிவியில் போட்டுப் பார்த்தாள். இருபத்திரண்டு பேர் ஓடினார்கள். யார் என்ன செய்தார்கள் என்று இங்கிலீஷில் ஒருத்தர் கத்திக்கொண்டே இருந்தார். அரை மணியில் அணைத்துவிட்டாள். ஆனால் நடுநாட்டு லீக்கில் அவள் படிக்காத ஆட்டம் இல்லை. தன் அணி ஆட்டம் மட்டும் இல்லை, எட்டு அணிகளின் ஆட்டத்தையும் வாரம் முழுக்க டீ நேரத்தில் படித்து, ஞாயிற்றுக்கிழமை லீக்கின் வாட்ஸ்அப் குழுவில் நாலு பத்தி எழுதுவாள். அதைப் பார்த்துத்தான் கௌரிசங்கர் இந்த வேலையைக் கொடுத்தார். இருபத்தெட்டுச் சுற்றில் பதினாலு முடிந்ததும், பருவத்தின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் பரிசுக்கு யார் யார் தகுதி என்று பத்துப் பேரை வரிசைப்படுத்த வேண்டும். கடைசியில் எல்லோரும் ஓட்டுப் போடும்போது இந்த அரைப் பருவப் பட்டியலைப் பார்த்துத்தான் முக்கால்வாசிப் பேர் போடுவார்கள். இதுவரைக்கும் கௌரிசங்கர் கோல் கணக்கை மேலிருந்து கீழே அடுக்கிவிட்டுப் போய்விடுவார்.

நீலாவதிக்கு அடுக்கத் தெரியாது. தரம் பிரிக்கத்தான் தெரியும்.

கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. கட்டைகளை அச்சில் அழுத்துகிறவர்கள் தட்டுக்குத் தட்டு தங்கள் பேர் எழுதின சீட்டு வைப்பார்கள். தரம் பிரிக்க உட்காருகிறவள் முதலில் அந்தச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். யார் தட்டு என்று தெரியாமல்தான் தட்டிப் பார்க்க வேண்டும். கம்பெனி போட்ட சட்டம் இல்லை. பல வருஷத்துக்கு முன்னால் நாத்தனார் தட்டு, ஓரகத்தி தட்டு என்று சண்டை வந்து மண்டை உடைகிற அளவுக்குப் போனபோது பெண்களே வைத்துக்கொண்டது. பட்டியலுக்கும் நீலாவதி அதையே செய்தாள். பதினாலாம் சுற்றுக்குச் சில நாள் முன்பே தொடங்கி, பதினாலு சுற்றின் வரிகளையும் கழிவு அட்டைகளின் பின்பக்கம் எழுதினாள். எதிர் முக்காலிக்காரி வாசுகி பேர்களை அடித்துவிட்டு, எண் போட்டுத் தர வேண்டும் என்று ஏற்பாடு.

வாசுகிக்கு ஃபுட்பால் என்றால் பந்து என்கிற அளவுக்குத் தெரியும். முதல் நாள் பேரை எல்லாம் அடித்துவிட்டு 'அவன்' என்று எழுதிக்கொண்டு வந்தாள்.

"'அவன் அவங்கிட்டேருந்து பந்தைப் பறிச்சு அவனுக்குக் குடுத்தான், அவன் அவனைத் தாண்டி ஓடினான்.' எந்த அவன்டி இது?" என்று வாசித்துவிட்டு அவளே கேட்டாள்.

"அதுக்குத்தான் நம்பரு போடச் சொன்னேன்."

"எம்மாம் பேருடி ஓடுறானுங்க. ஒருத்தன் வூட்டுலயாவது தேட மாட்டாங்களா?"

மறுபடி எண் போட்டாள். எந்த எண் எந்தப் பேர் என்கிற சீட்டு வாசுகியின் சோற்றுக்கூடைக்குள் இருந்தது. ஆனாலும் ஒரு சிக்கல். "ஒன் ஆளு வரி ஒனக்குத் தெரியாமலா போவும்?" என்றாள் வாசுகி. நீலாவதி மறைக்கவில்லை. "சிலது தெரிஞ்சுடுது. தெரிஞ்ச வரிக்கு நீ தரம் போடு." வாசுகி கறாரானவள். புருஷன் வைத்த குழம்பையே ரெண்டாம் தரம் என்று சொன்னவள்.

நீலாவதி தனக்குத் தெரிந்த வழியில் தரம் போட்டாள். எல்லோரும் ஒண்ணாம் தரம் என்று வைத்துக்கொண்டு, குறை வரும்போதெல்லாம் ஒரு கோடு. பந்தைப் பறிகொடுத்தால் ஒரு கோடு, கோல் வாய்ப்பை வீணடித்தால் ஒரு கோடு, கோல் வாங்கினால் ஒரு கோடு. கோடு குறைந்தவன் மேலே. ஞாயிற்றுக்கிழமை வாசுகி சீட்டை எடுத்து வாசித்தாள். முதல் இடத்தில் இருந்த ஏழாம் எண், மதில்.

வாசுகி சிரித்தாள். நீலாவதி சிரிக்கவில்லை. ரெண்டு முறை எண்ணிப் பார்த்தாள். அப்புறம் அப்படியே எழுதி, திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கருத்துக்காகக் குழுவில் போட்டாள்.

குழு பொங்கிவிட்டது.

"பரீட்சை எழுதினதும் அக்கா, பேப்பர் திருத்தினதும் அக்கா."

"சொந்த வண்டிக்குச் சொந்தமா பர்மிட்டு குடுத்துக்கிட்டாங்கடா."

"அக்கா, நீங்க ஃபுட்பால் மேட்ச் பார்த்திருக்கீங்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க."

நீலாவதி பதில் எழுதினாள்: "பார்த்ததில்ல. நீங்க இந்த லீக்கோட எல்லா மேட்ச்சையும் படிச்சிருக்கீங்களா? நெஞ்சைத் தொட வேணாம், சும்மா சொல்லுங்க."

சாய்பிரசாத் வேறு ஒன்று எழுதினான். அவன் விருத்தாசலத்துப் பையன்தான். கலைக்கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவனுடைய 'ராக்கெட்' பதினாலு ஆட்டத்தில் பத்தொன்பது கோல் போட்டவன், லீக்கிலேயே அதிகம். அவனை நீலாவதி ஆறாம் இடத்தில் வைத்திருந்தாள்.

"அக்கா, கோவத்துல சொல்லல. சும்மா நிக்கிறவன் தப்பே பண்ண மாட்டான். உங்க கணக்குப்படி பெஞ்சுல ஒக்காந்திருக்கிறவன்தான் லீக்குல முதல் ஆளு."

மத்தியானம் முழுக்க அந்த வரி அவள் காதில் நின்றது. கட்டையைத் தட்டினாள், வைத்தாள், அடுத்ததைத் தட்டினாள். நாலு மணி சுமாருக்குக் கை நின்றுவிட்டது.

"என்னாடி?" என்றாள் வாசுகி.

"சூளைக்குப் போவாத பச்சைக் கட்டையில விரிசல் இருக்குமா?"

"அது எப்புடி இருக்கும்? வெந்தாத்தான தெரியும்."

"நான் வெந்ததையும் வேவாததையும் ஒண்ணா வெச்சுத் தரம் பார்த்துட்டேன்டி."

பதினோரு வருஷமாக அவள் கைக்கு வந்ததெல்லாம் சூளை பார்த்து வந்த கட்டை. அதனால் எல்லா ஆட்டக்காரனும் ஒரே சூடு பார்த்தவன் என்று அவள் பாட்டுக்கு எடுத்துக்கொண்டுவிட்டாள். கோல்கீப்பர்கள் பாவம், பந்து அவர்களைத் தேடித் தேடி வருகிறது; அதனாலேயே கோடு விழுகிறது. கடைசி இடத்தில் இருக்கிற அணியின் கோல்கீப்பருக்கு இன்னும் அதிகம். வலுவான அணியின் பின்வரிசையில் நிற்கிற மதிலுக்குப் பாதி ஆட்டத்தில் வேலையே இல்லை.

அன்றைக்கே எழுதினாள்: "சாய் தம்பி சொன்னது சரி. நான் எடுத்துக்கிட்ட முறை தப்பு. வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திப் போடுறேன்."

'அக்கா சரண்டர்' என்று யாரோ வெள்ளைக்கொடி படம் போட்டார்கள். பத்துப் பேர் அதற்குச் சிரித்தார்கள். நீலாவதி ஒரு வரிதான் சேர்த்தாள். "முறையத்தான் தப்புன்னேன். ஒதுங்கிக்கிறேன்னு சொல்லல."

இந்த முறை பத்துப் பேரோடு நிற்கவில்லை; இருபது பேரை எடுத்தாள். ஆட்டத்தின் அறுபதாம் நிமிஷத்துக்குப் பிறகு, ரெண்டு அணியும் சமமாகவோ ஒரே கோல் வித்தியாசத்திலோ இருக்கிற நேரத்து வரிகளை மட்டும் பிரித்தாள். சூடு அங்கேதான். அந்த நேரத்தில் செய்த நல்லதும் எழுதினாள், கெட்டதும் எழுதினாள். ஆளுக்கு ஒரு அட்டை. வாசுகி புதிதாக எண் போட்டாள். திங்கள் சாயங்காலம் ஆரம்பித்து புதன் டீ நேரம் வரைக்கும் வேலை ஓடியது. இடையில் குருமூர்த்தி வந்து அட்டையைத் தூக்கிப் பார்த்து, "என்னம்மா இது, புது பார்ட்டி ஆர்டரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

புதன்கிழமை வாசுகி சீட்டை விரித்தாள். முதல் இடம், மங்களூர் அணியின் கோல்கீப்பர் 'பூட்டு'. திட்டக்குடியை அடுத்த நம்ம மங்களூர்ப் பக்கத்தில் கிராம நர்ஸாக இருக்கிற அன்புக்கரசியின் ஆட்டக்காரன். குழுவில் வாயே திறக்காத பொம்பளை. அணி கடைசி இடம். ஆனால் அந்தச் சூட்டு நேரத்தில் பூட்டை நோக்கி வந்த அறுபத்தொரு அடியில் ஐம்பத்து நாலைத் தடுத்திருந்தான். மூன்றாம் இடம் ராக்கெட். அவனுடைய பத்தொன்பது கோலில் பதினொன்று, அணி ஏற்கெனவே ரெண்டு மூணு கோல் முன்னால் இருந்தபோது போட்டது. மீதி எட்டும் நெருக்கடியில் போட்டது, அதற்கு அவனை மேலே ஏற்றத்தான் வேண்டியிருந்தது.

ரெண்டாம் இடம் மதில்.

"ஒரு படி எறங்கிட்டான்" என்றாள் வாசுகி.

"எறங்குனா எறங்கட்டும். அவன் எடம் அதுதான்."

பட்டியலைக் கௌரிசங்கருக்கு அனுப்பினாள். வியாழக்கிழமை காலை டீ நேரத்தில் அவர் கூப்பிட்டார். கொட்டகைக்கு வெளியே, உடைந்த கட்டைகள் குவித்திருக்கிற பக்கம் போய் நின்று பேசினாள்.

"நீலாவதி, முறை ரொம்ப நல்லா இருக்கு. கணக்கு வாத்தியார் நான், ஒத்துக்கறேன். எனக்கே இப்படித் தோணலை."

"சரிங்க சார்."

"ஆனா பார்வைக்கு நல்லா இல்லை. ரெண்டாவது இடத்துல உங்க ஆளே இருக்கார். அதை எடுத்துடுவோம். மூணாவது ரெண்டாவதா வரட்டும், பதினொண்ணாவது ஆளைப் பத்தாவதா சேர்த்துடறேன். உங்க பேரும் கெடாது."

"எம் பேரு எங்க சார் கெட்டுது?"

"கெடலை. கெடக்கூடாதேன்னு சொல்றேன். அடக்கம்னு ஒண்ணு இருக்கில்லையா?"

"அது எனக்கு இருக்கட்டும் சார். மதிலுக்கு எதுக்கு? அவன் பண்ண தப்பு என்னா, எங்கிட்ட இருக்கிறானே, அதுவா?"

ஃபோனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

"எழுதறவர் தன் ஆளை வரிசைப்படுத்தறது முறை இல்லை, அவ்வளவுதான்" என்றார்.

"அப்புடி ஒரு சட்டம் இருக்குதா சார்? போன பருவம் நீங்க கோல் கணக்கு அடுக்குனப்ப ஒங்க ஆளு நாலாவது எடத்துல இருந்தானே?"

"அது கணக்கு."

"இதுவும் கணக்குதான்னு நீங்கதான இப்ப சொன்னீங்க?"

"நீங்க பிடிவாதம் பிடிக்கறீங்க."

"சார், ஒண்ணே ஒண்ணு சொல்லிடுறேன். எடுத்துட்டுப் போட்டா எம் பேரு போடாதீங்க. எம் பேரு போட்டா எடுக்காதீங்க."

அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டில் இதை அவள் புருஷன் பழமலையிடம் சொன்னாள். ஸ்டேஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். சண்டைக்குப் போகாத மனுஷன். தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்.

"அஞ்சாவது எடத்துல போட்டுக்கயேன். என்னா கொறஞ்சுடப் போவுது? யாரும் கேக்கவும் மாட்டாங்க, நீயும் உள்ள இருப்ப."

"ஏங்க, ஒங்க வண்டியில நாலு பேரு ஏறுனா ரெண்டு பேருன்னு சொல்லுவீங்களா?"

"போலீஸ் நின்னா சொல்லுவேன்."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் தட்டை எடுக்கும்போது சொன்னாள்: "ரெண்டாந்தரத்தை ஒண்ணாந்தரம்னு போடறதும் பொய்யி. ஒண்ணாந்தரத்தை ரெண்டாந்தரம்னு போடறதும் பொய்யி. நான் பதினோரு வருசமா ரெண்டையும் பண்ணது இல்ல."

"அப்ப பண்ணாத" என்றான் பழமலை. "எனக்கு இன்னொரு தோசை போடு."

வெள்ளிக்கிழமை பத்தரை மணி டீ நேரத்தில் ஃபோனைத் திறந்தால், பட்டியல் வந்திருந்தது. பூட்டு, ராக்கெட், அப்புறம் மற்றவர்கள். பத்துப் பேர். மதில் இல்லை. கீழே 'தொகுப்பு: நீலாவதி' என்று தடித்த எழுத்தில்.

வாசுகி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டீ கிளாஸை வாங்கிக் கீழே வைத்தாள்.

நீலாவதி எழுதினாள்: "மேலே இருப்பது நான் போட்ட பட்டியல் இல்லை. நான் போட்டது கீழே." பத்துப் பேரையும் வரிசையாக எழுதினாள். ஐந்து நிமிஷத்தில் அது அழிக்கப்பட்டது. அழிக்கிற அதிகாரம் கௌரிசங்கருக்கு உண்டு. அவள் மறுபடி போட்டாள். மறுபடி அழித்தார். தனியாக ஒரு செய்தி வந்தது: "தயவுசெய்து இதை வளர்க்க வேண்டாம்."

டீ நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

"பேசாம வுட்டுடுடி. முந்தியாவது ஒம்பேரு எங்க இருந்துச்சு, இப்ப பேராவது இருக்குது" என்றாள் வாசுகி.

"அதுதான்டி கொடுமை. நான் பார்க்காத தரத்துக்கு எம் பேரு போட்டு அனுப்பிட்டாரு. அந்தப் பேரு எனக்கு எதுக்கு?"

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் சோற்றைத் திறக்கவில்லை. இருபது அட்டைகளையும் தரையில் வரிசையாகப் பரப்பி, வாசுகியை விட்டுப் பழைய எண்களைக் கிழித்துவிட்டுப் புது எண்கள் ஒட்டச் சொன்னாள். ஒவ்வொன்றையும் படம் எடுத்தாள். இருபது படத்தையும் குழுவில் போட்டு எழுதினாள்:

"இதுல யாரோட பேரும் இல்ல. ஆட்டம் நெருக்கமா இருந்தப்ப என்ன பண்ணாங்கன்னு மட்டும் இருக்குது. எல்லாம் சாரோட புரோகிராம் எழுதின வரி. நான் எழுதினது இல்ல. நீங்களே தரம் போடுங்க. எண்ணை மட்டும் எழுதி நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எனக்கு அனுப்புங்க. எந்த எண் யாருங்கற சீட்டு எங்கிட்ட இல்ல, எங்க வாசுகி கிட்ட இருக்குது. மதில் பத்துக்குள்ள வரலன்னா நான் எழுதறதை இத்தோட நிறுத்திக்கிறேன்."

இதை கௌரிசங்கர் அழிக்கவில்லை. அழிப்பதற்கு அட்டைகளில் பேர் எதுவும் இல்லை.

குழுவில் இருந்த எண்பத்தெட்டுப் பேரில் பதினோரு பேர்தான் அனுப்பினார்கள். மீதிப் பேருக்கு இருபது அட்டை படிக்கப் பொறுமை இல்லை. சனிக்கிழமை மத்தியானம் வாசுகி கூடையிலிருந்து சீட்டை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். ஒருத்தர் மதிலை முதல் இடத்தில் வைத்திருந்தார். ஆறு பேர் ரெண்டாவதில். மூன்று பேர் மூன்றாவதில். ஒருத்தர் மட்டும் ஏழாவதில்.

"யாருடி அந்த ஏழு?" என்றாள் வாசுகி, முந்தானையைச் செருகிக்கொண்டு.

"யாரோ. அவரு அப்புடிப் பார்த்திருக்காரு. எழுது."

பதினொன்றையும் அப்படியே, ஏழாம் இடத்தையும் சேர்த்து, எந்த எண் யார் என்கிற சீட்டோடு குழுவில் போட்டாள். அதற்குக் கீழே அன்புக்கரசி அந்தப் பருவத்திலேயே முதல் முறையாக ஒரு வரி எழுதினாள்: "எங்க ஆளு முதல் எடத்துல இருக்கறதையே நான் நம்பல. எல்லா அட்டையும் படிச்சுட்டேன். இப்ப நம்புறேன்."

கௌரிசங்கரிடமிருந்து நாலு மணிக்கு அழைப்பு வந்தது. குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"உங்க பட்டியலையே போடறேன். ஆனா மேலே ஒரு குறிப்பு கட்டாயம் இருக்கும். 'இதை எழுதியவரின் ஆட்டக்காரரும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்' அப்படின்னு."

"போடுங்க சார். உண்மைதான?"

"சிவப்பு எழுத்துல போடுவேன்."

"பெருசாவே போடுங்க. கண்ணு மங்கலானவங்களும் படிக்கட்டும்."

அவர் தன்னை அறியாமல் சிரித்துவிட்டார். "நேத்து நான் போட்டதை எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. நீலாவதியும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

ஐந்து மணிக்குப் பட்டியல் வந்தது. பூட்டு, மதில், ராக்கெட், அப்புறம் ஏழு பேர். கொஞ்ச நேரத்தில் சாய்பிரசாத்திடமிருந்து தனியாக ஒரு செய்தி.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. நானும் தரம் போட்டேன். அனுப்பல."

"ஏன் தம்பி?"

"எங்க ராக்கெட் எந்த நம்பர்னு இப்பத்தான் கண்டுபுடிச்சேன். நான் அவனை அஞ்சாவதா வெச்சிருக்கேன்."

"நான் மூணுல வெச்சிருக்கேன். அப்ப யாரு ஒன் ஆளுக்கு ஓரவஞ்சனை பண்ணது?"

அவன் தலையில் அடித்துக்கொள்கிற படம் ஒன்றை அனுப்பினான்.

ஆறு மணிக்குப் பதினைந்தாம் சுற்று ஆரம்பித்தது. மணிமுத்தாறு அணிக்கும் ராக்கெட்டின் அணிக்கும் ஆட்டம். பழமலை ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு, அதிசயமாக, அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். முதல் பாதியில் ஒன்றும் இல்லை. 71ஆம் நிமிடம்: மதில் வழுக்கி விழுந்தார், பந்து ராக்கெட்டின் காலுக்குப் போனது, கோல். 84ஆம் நிமிடம்: மதில் கொடுத்த பந்து நேரே எதிரணிக்குப் போனது, ராக்கெட், கோல். ஆட்டம் ரெண்டுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது.

"இன்னிக்குன்னு பார்த்தா வுழணும்?" என்றான் பழமலை.

குழுவில் கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. ரெண்டாம் இடத்து ஆளைப் பாருங்கடா என்று ஒருத்தர். சிவப்பு எழுத்தை இன்னும் பெருசாப் போடுங்க சார் என்று இன்னொருத்தர். சாய்பிரசாத்தும் சேர்ந்துகொண்டான்.

"அக்கா, ஒரு மணி நேரத்துல ஒங்க பட்டியல் பழசாயிடுச்சே. மதிலை எறக்கிடலாமா?"

நீலாவதி பதிலை ஒருமுறை அடித்து, படித்துப் பார்த்து, அப்புறம் அனுப்பினாள்.

"அந்தப் பட்டியல் பதினாலாவது சுத்தோட முடிஞ்சுது தம்பி, அதுல அவன் எடம் ரெண்டு. இன்னிக்குப் பண்ணது ரெண்டும் பெரிய தப்பு, நானும் படிச்சேன். எறக்க வேண்டியதா இருந்தா நான்தான் எறக்குவேன். நீங்க சொல்லணும்னு இல்ல."

ஃபோனைக் கவிழ்த்து வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே உள்ளே போய், அன்றைய ஆட்டத்தின் வரிகளை ஒரு புது அட்டையில் முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.